பதக்கம் மைக் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகும்

நீச்சலை விட்ட பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பாதிப் பேருக்குத் தொலைக்காட்சி மீது ஒரு கண், சிலருக்கு எழுத்து மீது. "சாம்பியன் என்பதால்தானே அக்கா உங்களைக் கமென்ட்ரிக்குக் கூப்பிட்டார்கள்?" என்று நேராகவே கேட்பார்கள். ஆமாம், முதல் தடவை அதனால்தான் கூப்பிட்டார்கள். அடுத்த தடவை யாரும் பதக்கத்தைப் பார்க்கவில்லை. போன முறை நான் சொன்னது வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்குப் புரிந்ததா என்றுதான் பார்த்தார்கள். நீந்தத் தெரிவது ஒரு வேலை, நீச்சலைச் சொல்லத் தெரிவது வேறொரு வேலை. அந்த இரண்டாவது வேலையை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை, இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என் போட்டி 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக். மல்லாந்து நீந்துகிறவருக்கு எதிரே வரும் சுவர் தெரியாது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால், தலைக்கு மேலே, குளத்தின் குறுக்கே கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். அது கண்ணில் பட்டதும் கைவீச்சை எண்ண ஆரம்பிக்க வேண்டும். எத்தனையாவது வீச்சில் குப்புறத் திரும்பினால் டர்ன் (சுவரை உதைத்துத் திரும்புவது) சரியாக விழும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்று குறைந்தால் கால் சுவருக்கு எட்டாது, ஒன்று கூடினால் தலை போய் இடிக்கும். சிக்கல் என்னவென்றால், இந்தக் கணக்கு ஒரே மாதிரி இருக்காது. முதல் டர்னில் உடம்பில் தெம்பு இருக்கும், ஒரு வீச்சுக்கு நல்ல தூரம் போவோம். மூன்றாவது டர்னுக்கு வரும்போது தோள் கனத்துவிடும், வீச்சு குறுகிவிடும், அதே 5 மீட்டருக்கு இன்னும் அரை வீச்சு தேவைப்படும். அந்த அரை வீச்சை என்ன செய்வது என்பதிலேயே பந்தயம் கைமாறிவிடும்.

எங்கள் கோச் இதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்வார். பயிற்சி முடிந்ததும், உடை மாற்றப் போவதற்கு முன்னால், ஈரக் கையோடு நோட்டை எடுக்க வேண்டும். நீந்திய தூரம், ஒவ்வொரு செட்டின் நேரம், நாடித்துடிப்பு, முந்தைய இரவு தூங்கிய நேரம், கொடியிலிருந்து சுவர் வரை போட்ட வீச்சு. அப்புறம் கீழே ஒரு வரி. அந்த வரியில் எண் வரக் கூடாது, சொல்தான் இருக்க வேண்டும் என்பது அவர் விதி. "நல்லா இருந்தது" என்று எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எது நல்லா இருந்தது, கையா, காலா, மூச்சா, எந்த இடத்தில் என்று கேட்பார். "கடைசி 50இல் வலது கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கியது" என்று எழுதினால் தலையசைப்பார். பின்னால் நான் எழுத்தை நம்பிப் பிழைக்கப் போகிறேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குக் கிடைத்த எழுத்துப் பயிற்சி என்றால் அதுதான். இன்றைக்கு நீந்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். எண்களைக் கைக்கடிகாரமே சேமித்துவிடும், அந்த ஒரு வரியை அது எழுதாது. அதை நீங்கள் எழுதுங்கள். பதக்கம் வாங்கிய நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் உடம்பு என்ன சொன்னது என்பது நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

ஓய்வு பெற்ற கதையை நீட்டப் போவதில்லை. தோள் ஒத்துழைக்கவில்லை, இளையவர்கள் வேகமாக வந்துவிட்டார்கள், நிறுத்தினேன். அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். விடியும் முன்பே கண் விழித்துவிடும், போக இடம் இருக்காது. பசி பழைய அளவில் எடுக்கும், உழைப்பு இருக்காது. எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். மைக்கேல் ஃபெல்ப்ஸ் எத்தனை பதக்கம் வாங்கினார் என்று எல்லோருக்கும் தெரியும், தன்னைப் பீடித்த மனச்சோர்வைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் இயன் தோர்ப் 2012இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அதே போராட்டத்தை எழுதினார். இவர்களுக்கே வந்தது நமக்கும் வரலாம். வந்தால் மருத்துவரிடம் போங்கள். ஊடக வேலையை அதற்கு மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கமென்ட்ரி அறையில் உட்கார்ந்திருக்கும்போது அரங்கத்தில் எழும் கைதட்டல் முழுவதும் தண்ணீரில் இருப்பவருக்குத்தான். அதைக் கேட்டு மனசார மகிழ முடிகிற நாளில் அந்த நாற்காலியில் போய் உட்காரலாம்.

இந்தப் பாதையில் நான் அண்ணாந்து பார்க்கிறவர் டோனா டி வரோனா. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு போனபோது அவருக்கு 13 வயது. 1964 டோக்கியோவில் நான்கு பாணியிலும் நீந்தும் 400 மீட்டர் தனிநபர் மெட்லி முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதில் தங்கம், நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நீந்தும் 4×100 ஃப்ரீஸ்டைல் தொடரிலும் தங்கம். 17 வயதில் உலகின் உச்சியில் இருந்தவருக்கு அடுத்த படி என்று ஒன்று இல்லை. ஆண் நீச்சல் வீரர்கள் உதவித்தொகையோடு கல்லூரி அணிக்குப் போனார்கள், பெண்களுக்கு அப்படி ஒரு வழி அன்றைக்கு இல்லை. 1965இல் அவர் ஏபிசி தொலைக்காட்சியில் மைக் பிடித்தார். அமெரிக்கத் தேசிய ஒளிபரப்பில் விளையாட்டு வர்ணனைக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பிறகு நடந்தது. பெண்கள் விளையாட்டு அறக்கட்டளையின் முதல் தலைவராக இருந்தார். கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டத்துக்காகத் தொடர்ந்து வாதாடினார். தன் பழைய பந்தயத்தையே திரும்பத் திரும்பச் சொல்லி அவர் காலம் தள்ளவில்லை. "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்க நா துடிக்கும்போதெல்லாம் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சரி, வேலைக்கு வருவோம். கமென்ட்ரி முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. யார் எந்த லேனில் என்று சொல்லும் ஸ்டார்ட் லிஸ்ட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுதுவேன். பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்பதை அவரிடமோ அவருடைய கோச்சிடமோ கேட்டுவிடுவேன். தன் பெயர் தப்பாக ஒலிப்பதைக் குடும்பத்தோடு கேட்கும் அம்மா அப்பாவை நினைத்தால் இந்த வேலை சின்னதாகத் தெரியாது. அடுத்து, இவர் முதல் பாதியில் பாய்கிறவரா, கடைசியில் வருகிறவரா என்று பழைய பந்தயங்களின் ஐம்பது ஐம்பது மீட்டர் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். லேனைப் பார்த்தாலே பாதி கதை தெரியும். தகுதிச் சுற்றில் வேகமானவருக்கு 4, அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, 8 என்று நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும். ஆகவே எட்டாவது லேனில் ஒரு தலை முன்னால் வந்தால் அது செய்தி. பார்க்கிறவருக்கு அது செய்தி என்று தெரிய வைப்பது நம் பொறுப்பு.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஆண்கள் 4×100 ஃப்ரீஸ்டைல் தொடரை ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தமில்லாமலும் பார்க்க வேண்டும் என்பேன். கடைசி ஆளாக அமெரிக்காவின் ஜேசன் லீசாக் பாய்ந்தபோது பிரான்சின் அலேன் பெர்னார் முன்னால் இருந்தார். 50 மீட்டரில் திரும்பும்போதும் பெர்னார்தான் முன்னால். முடிவில் அமெரிக்கா 3:08.24, பிரான்ஸ் 3:08.32. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வர்ணித்தவர்களில் ஒருவர் ரவுடி கெய்ன்ஸ், 1984இல் மூன்று தங்கம் வாங்கியவர். அவர் குரல் ஏறும் விதத்தை எல்லோரும் ரசிப்பார்கள், நானும் ரசிப்பேன். ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். லீசாக் தன் லேனின் நடுவில் இல்லை. கயிற்றை ஒட்டி, பெர்னாருடைய அலைக்குப் பக்கத்தில் நீந்துகிறார். முன்னால் போகிறவர் கிளப்பும் தண்ணீரில் பின்னால் வருகிறவருக்கு இழுவை கொஞ்சம் குறையும். நீந்தினவர்களுக்கு இது தோலிலேயே தெரியும், பார்க்கிறவருக்குச் சொன்னால்தான் தெரியும்.

அதே பந்தயத்தில் இன்னொரு கேள்வி வரும். லீசாக் தன் 100 மீட்டரை 46.06இல் முடித்தார். ஆனால் அன்றைக்கு உலக சாதனையாகப் பதிவானது ஆஸ்திரேலிய அணிக்காக முதலில் நீந்திய ஏமன் சல்லிவனின் 47.24. குறைந்த நேரம் எடுத்தவருக்கு ஏன் சாதனை இல்லை? முதலில் நீந்துகிறவர் ஒலி கேட்ட பிறகுதான் கிளம்ப முடியும், தனிப் போட்டி போலவே. அடுத்து வருகிறவர்கள் தன் அணிக்காரர் சுவரை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே உடம்பை முன்னால் சாய்க்கிறார்கள். அவர் கை சுவரில் படும்வரை இவர் கால் மேடையில் இருந்தால் போதும். அதனால் கிளம்பும் தாமதம் மிச்சமாகிறது. இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் பார்க்கிறவர் குழம்புவார், குழம்பியவர் அடுத்த பந்தயத்துக்கு இருக்க மாட்டார்.

திரையில் ஓடும் உலக சாதனைக் கோட்டையும் இப்படித்தான் விளக்க வேண்டியிருக்கும். பழைய சாதனையாளர் ஒவ்வொரு ஐம்பதுக்கும் எடுத்த நேரத்தை வைத்து அந்தக் கோடு ஓடுகிறது. சாதனையாளர் கடைசியில் வேகம் கூட்டியவராக இருந்தால், பாதியில் கோட்டுக்கு முன்னால் இருப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. "சாதனை விழப்போகிறது" என்று கத்துவதற்கு முன்னால் அந்த ஐம்பதுகளை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கடைசி 15 மீட்டரில் எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே பெயர்கள் போதும். முழு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் கை சுவரைத் தொட்டுவிடும், அரங்கத்தின் இரைச்சல் நம்மைவிட நன்றாகவே சொல்லும்.

பந்தயம் முடிந்து வெளியே வருகிறவர்களை, நிருபர்கள் நிற்கும் மிக்ஸ்ட் ஜோனில் பிடித்துப் பேட்டி எடுப்பது எனக்குக் கடைசி வரை பெரிய பொறுப்பாகவே தெரிந்தது. நான் அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். மூச்சு தொண்டையில் இருக்கும், காலில் தெம்பு இருக்காது, காதில் தண்ணீர் அடைத்திருக்கும். "எப்படி உணர்கிறீர்கள்?" என்றால் பதிலே வராது, வந்தாலும் எல்லோரும் சொல்லும் அதே பதில்தான். பலகையில் தன் ஐம்பதுகளைக்கூட அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார். ஆகவே அந்த நேரங்கள் இருக்கும் தாளை முதலில் நீட்டுவேன். அவர் அதைப் பார்ப்பார். அதற்குள் மூச்சு கொஞ்சம் இறங்கும். பிறகு ஒரு இடத்தைச் சுட்டிக் கேட்பேன்: "மூன்றாவது ஐம்பதில் கால் உதை வேகமாச்சே, அது திட்டம்தானா?" முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பேச்சு தானாக வரும். தோற்றவரிடம் கேட்கும் முன் பேச விருப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தலையாட்டி மறுத்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கண்ணீர் திரையில் நன்றாக எடுபடும் என்று காதுக்குள் யாராவது சொன்னாலும் விட்டுவிடுங்கள். கூட நீந்திய சிநேகிதி, பழைய கோச் என்று நம் ஆட்கள் களத்தில் இருந்தால் அதை முன்கூட்டியே அலுவலகத்திலும், தேவைப்பட்டால் ஒளிபரப்பிலும் சொல்லிவிடுவது நல்லது. ஊக்கமருந்து மாதிரி கடினமான கேள்வி வரும்போது நமக்குப் பிடித்தவரிடமும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

எழுத்துக்கு வந்தபோது எனக்கு வாய்த்த எடிட்டருக்கு நீச்சல் தெரியாது. அது பெரிய வரம். ஒரு கட்டுரையில் 100 மீட்டருக்கு 57 வினாடி என்று எழுதியிருந்தேன். "57 என்றால் எவ்வளவு வேகம்? குளத்தோரமாக நான் நடந்தால் கூடவே வர முடியுமா?" என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு சுமார் 6.3 கிலோமீட்டர். வேகமாக நடக்கிறவர் கூடவே வந்துவிடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 46.40இல் உலக சாதனை படைத்தாரே, அதுவும் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தொடாது. மனிதன் தண்ணீரில் போன உச்ச வேகமே ஒரு மெதுவான ஓட்டம்தான். காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியான ஒன்றைக் கையால் பிடித்துத் தள்ளி அந்த வேகத்தை எட்டியிருக்கிறோம் என்று எழுதியதும் எடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் அப்படியே விட்டதில்லை.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் ஆண்கள் 400 மீட்டர் மெட்லி இதற்கு நல்ல உதாரணம். ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடி வித்தியாசத்தில் தங்கம் ஒருவருக்கு, வெள்ளி ஒருவருக்கு. அவர்கள் சராசரியாகப் போன வேகத்தில் அந்த நேரம் என்பது சுமார் 3 மில்லிமீட்டர். சர்வதேச விதியோ ஒரு 50 மீட்டர் லேன் அதைவிடக் கூடுதல் நீளமாக இருப்பதை அனுமதிக்கிறது. சிமென்ட்டிலும் ஓட்டிலும் கட்டிய சுவர் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்காது. ஆகவே பிறகு நூறில் ஒரு பங்கு வினாடியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால்தான் 2016 ரியோவில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சிமோன் மானுவேல், பென்னி ஒலெக்சியாக் இருவரும் 52.70இல் தொட்டு இருவரும் தங்கம் வாங்கினார்கள். நீச்சல் தெரியாதவர்களும் இந்தக் கதையைக் கடைசி வரி வரை படிக்கிறார்கள். ஒரு எண்ணுக்குள் எவ்வளவு நியாயம் அநியாயம் இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் அக்கறை வரும்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சூழ்நிலையையும் சொல்லிவிட வேண்டும். 2009 ரோம் உலக சாம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள் விழுந்தன. நீந்துகிறவரை வேகமாக்கிய பாலியூரித்தேன் நீச்சல் உடைகளின் உச்சகட்டம் அது. 2010 ஜனவரி 1 முதல் அவை தடை செய்யப்பட்டன. 2002இல் தோர்ப் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வைத்த 3:40.08ஐ ரோமில் பால் பீடர்மன் 3:40.07ஆகக் குறைத்தார். அதை லூகாஸ் மேர்டென்ஸ் தாண்ட 2025 ஆனது. உடையைப் பற்றிய ஒரு வரி இல்லாமல் இந்த மூன்று எண்ணை வரிசையாகப் போட்டால் மூவருக்குமே அது நியாயம் ஆகாது.

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. என் பேக்ஸ்ட்ரோக்கிலேயே 1988 சியோலில் டேவிட் பெர்காஃப் போன்றவர்கள் நீரடியிலேயே வெகுதூரம் போனதைப் பார்த்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், இப்போது 15 மீட்டர்தான் அனுமதி. கால் வழுக்காமல் இருக்க ஸ்டார்ட்டில் ஒரு பலகை வந்தது. அண்மையில், முடிவுச் சுவருக்கு முந்தைய 5 மீட்டரில் முழுக்க மூழ்கித் தொடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். முன்னாள் சாம்பியன் என்ற நினைப்பில் விதிப் புத்தகத்தைத் திறக்காமல் மைக் முன்னால் உட்கார முடியாது. நான் இன்றைக்கும் பயிற்சி நேரத்தில் குளத்தோரம் போய் நின்று, இளையவர்கள் என்ன முயற்சி செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறேன்.

தன்வரலாறு எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அவசரப்படாதீர்கள். கூட எழுதித் தர ஒருவரை வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் பேசிப் பதிவு செய்ததைத் தட்டச்சு வடிவில் நீங்களே வாசியுங்கள். உங்கள் வாயில் வராத சொற்களை அடித்துவிடுங்கள். உங்களோடு நீந்தியவர்களின் உடல்நிலை, வீட்டு விவகாரம் எதுவும் அவர்கள் சம்மதம் இல்லாமல் அச்சில் ஏறக் கூடாது.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நீச்சல் தொலைக்காட்சியில் வருவது வருடத்தில் சில வாரங்கள்தான், நாலு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் அதிகம். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வாரப் பத்தி, வானொலி, மற்ற நீர் விளையாட்டுகள், பயிற்சி வகுப்பு என்று இரண்டு மூன்று வழிகள் வேண்டும். ஒப்பந்தத்தில் மறுஒளிபரப்புக்குத் தனியாகப் பணம் உண்டா, உங்கள் கட்டுரையைப் பிறகு நூலாக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் கிளப்பின் அடுத்த போட்டி முடிந்த அன்றே முந்நூறு சொற்களில் அதை எழுதுங்கள். வென்றவருக்கு ஒரு பத்தி, கடைசியாக வந்தவருக்கும் ஒரு பத்தி. எழுதியதை நீந்தத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்திலேயே உட்காருங்கள். எந்த வரியில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.